மூன்று வரி

பாசிர் பாஞ்சாங், ஊடுகதிர் நிலையம்.
விடிகாலை மூன்றே கால்.
விளாடிவாஸ்டாக்கில் ஏறி பூசானில் இறங்கி ஏறிய
நாற்பதடிக் கொள்கலன்.
பட்டியலில்: பழைய மரச்சாமான், ஐம்பத்தோரு உருப்படி.
இருபத்தாறாவது, ஆளுயரக் கடிகாரம்.

திரையில் ஊசல் தெரிந்தது, பல்சக்கரம் தெரிந்தது.
ஊசலுக்குப் பின்னால்
நேரத்தோடு சம்பந்தமில்லாத ஒரு கம்பி.
"பைப்தானே" என்றான் ஃபைருஸ்,
கோப்பிப் பையின் உறிஞ்சுகுழலைக் கடித்தபடி.
பைப்புக்கு எதற்கடா விசை?

ஐந்தரைக்கு லிம் சியூ ஹுவா வந்தார்,
ஆயுதப் பிரிவு, கையுறை, தூக்கம் கலையாத குரல்.
மழையில் கதவைத் திறந்தோம்.
கம்பளித் துணி, துணிக்குள் மெழுகுத்தாள்,
தாளுக்குள் அது.
குழலின் முதுகில் 1913.
குண்டு ஏற்றும் தாழ்ப்பாள் இல்லை.
அந்தப் பொந்தில் விரலை விட்டால்
எண்ணெயும் யாரோ ஒருவரின் குளிர்காலமும்.

லிம் கைப்பேசியில் பார்த்துச் சொன்னார்:
ருஷ்யக் காலாட்படை.
அவர்கள் வைத்த பெயர் மூன்று வரித் துப்பாக்கி.
அங்குலத்தில் பத்தில் ஒன்று அவர்களுக்கு ஒரு வரி.
வாய் அகலம் மூன்று.

தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், மூன்று வரி.
வேங்கை முதுகில் ஓடுவதும் வரி,
துறைமுகத்தில் நான் தண்டுவதும் வரி,
இரவுப் பணியில் ரசீதின் பின்புறம்
எழுதி எழுதி அடிப்பதும் வரி.
தேசிய சேவையில் என் சட்டையிலும் மூன்று வரி இருந்தன.
அன்று கொடுத்த துப்பாக்கியின் எண்
மனைவியின் பிறந்தநாளைவிட நன்றாக நினைவிருக்கிறது.

குறிபார்க்கும் தகட்டில் எண்கள்:
நானூறு, அறுநூறு, எண்ணூறு.
மீட்டர் இல்லை. அர்ஷின்.
ஏறக்குறைய ஒன்றரை முழம்.
அந்த அளவையால் இன்று யாரும்
துணிகூடக் கிழிப்பதில்லை.
செத்த அளவை ஒன்று
இன்னும் யாரையோ தூரம் பார்க்கிறது.

தனியாக இன்னொரு பொட்டலம், நான்கு விளிம்புச் சனியன்.
அதன் முனை திருப்புளிபோல் தட்டை.
திருகு கழற்றவும் அதுவே, குடல் கழற்றவும் அதுவே.
மாட்டியபடியேதான் சுட வேண்டுமாம்;
கழற்றிவிட்டால் குறி விலகும்.
குத்தும் எண்ணம் கூடவே இல்லாவிட்டால்
நேராகச் சுட வராத கருவி.

சேருமிடம்: அவுட்ராம் சாலை, அறைகலன் கடை.
அதைப் படித்ததும்தான் என் பேனா நின்றது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்து,
சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள்.
பட்டாசு என்றுதான் பலர் நினைத்தார்கள்.
இந்தியச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்திருந்தார்கள்.
அடக்க வந்த கப்பல்களில் ஒன்று ருஷ்யாவுடையது.
பெயர் ஓரெல். கழுகு என்று பொருளாம்.
அதன் மாலுமிகள் இந்தத் தீவின் காட்டுக்குள் போனார்கள்,
தோளில் இதே இனம்.
தகட்டின் முதல் எண்ணே நானூறு;
லாலாங் புல்லுக்குள் இருபதுகூடத் தெரிந்திருக்காது.

பிறகு அவுட்ராம் சிறையின் சுவர், கூட்டம், வரிசை.
அங்கே சுட்டது வேறு துப்பாக்கி, வேறு கைகள்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.
ஊரிலுள்ள நினைவுப் பலகைகளில்
அந்தச் சிப்பாய்களின் பெயர்களை நான் பார்த்ததில்லை.
இப்போது அந்தப் பக்கம் மருத்துவமனை, ரயில் நிலையம்,
சோபாவுக்குத் தள்ளுபடி.

இதுவேதானா அது? தெரியாது.
லட்சக்கணக்கில் வார்த்ததில்
ஒன்றுக்கு மட்டும் ஞாபகம் இருக்கும் என்று
நான் சொல்லமாட்டேன்.

ஃபைருஸ் கடிகாரத்தின் ஊசலைத் தட்டிவிட்டான்.
நான்கு முறை ஆடி நின்றது.
சாவி பட்டியலில் இல்லை.

படிவத்தில் "மதிப்பு" என்ற கட்டம்.
கோடு போட்டேன்.
"குறிப்பு" என்ற கட்டத்தில்
மூன்று வரிக்குத்தான் இடம்.
துப்பாக்கி ஒன்று, தாழ்ப்பாள் இல்லை.
சனியன் ஒன்று, முனை மழுங்கவில்லை.
மூன்றாவதை யோசிப்பதற்குள்
லிம் கை நீட்டி,
அதன்மேலேயே
கையெழுத்துப் போட்டுவிட்டார்.