தோன்றா எழுவாய்

'வரலாற்றில் இன்று' பத்திக்கு
ஆறு வரிதான் இடம்.
மேலே இராசிபலன், கீழே மரண அறிவித்தல்.
ஒக்ரோபர் முப்பதுக்கு எடுத்து வைத்திருப்பவை:

1938. செவ்வாயிலிருந்து ஆட்கள் இறங்கியதாய் அமெரிக்க வானொலியில் நாடகம்; சிலர் நம்பிப் பயந்தனர்.
1961. வடதுருவப் பக்கம் சோவியத் வெடித்தது ஆகப் பெரிய அணுகுண்டு.
1974. கின்சாசாவில் குத்துச்சண்டை, எட்டாம் சுற்றில் முடிவு.

மிச்சம் எங்கட ஊருக்கு.

1990. யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டனர்.
1995. வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வெளியேற்றப்பட்டனர்.

இருபத்தாறு வருடமாய் ஒப்புநோக்குகிறேன்.
ஒரே வினை அடுத்தடுத்து வந்தால்
கை தானாய்ச் சிவப்புப் பேனை தேடும்.
இன்று தேடவில்லை.
செயப்பாட்டு வினை வசதியானது,
ஆர் செய்தது என்று கேளாது.

சோனகதெரு றைஹானாவிடம்
சட்டை தைக்கக் கொடுத்திருந்தேன், மாந்தளிர் நிறம்.
புதன் பின்னேரம் வா என்றவள்.
செவ்வாயே தெரு வெறிச்சுப் போச்சு.

சில மாதம் கழித்து
மலிவு விலைக்கு வந்த சாமான்களுக்குள்
தையல் மிசின் ஒன்றை அம்மா வாங்கினா.
(இந்த வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறது.)
இழுப்பறைக்குள் சோக்கட்டி, அறுந்த நாடா,
ஒரு துண்டுக் கடதாசியில் என் அளவு:
தோள் பதின்மூன்றரை. கை ஒன்பது.
ஆருடைய மிசின் என்று
வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.
நானும்தான்.

ஐந்து வருடம் அதில் தைத்து உடுத்தினோம்.
பிறகு ஒலிபெருக்கி எங்கட ஒழுங்கைக்கும் வந்தது.

மழை.
சைக்கிள் கரியரில் அரிசி, உடுப்பு,
எல்லாவற்றுக்கும் மேலே மிசின் தலை
உரப்பையால் மூடிக் கட்டி.
நாவற்குழிப் பாலத்தில் ஆள்மேல் ஆள்.
குடையைத் தலைகீழாய்ப் பிடித்து
ஒரு பிள்ளை மழைத்தண்ணி குடித்தது.
"இறக்கு" என்றா அம்மா.
எதை என்று சொல்லவில்லை.
பாலத்துக் கட்டோடு சாய்த்து வைத்தேன்,
ஆரோ வந்து எடுப்பார்கள் என்பதுபோல.
பின்னால் வந்த சனம்
அதைச் சுற்றிப் பிரிந்து நடந்தது.

அளவுத் துண்டு என் கைப்பைக்குள் இருக்கிறது.
றைஹானா புத்தளத்தில் என்றார் ஒருவர்,
இல்லை, நீர்கொழும்பு என்றார் இன்னொருவர்.
எனக்கு இப்போது தோள் பதினைந்து.

ஒன்பது மணிக்குப் பக்கம் முடியவேண்டும்.
"ஒரு வரி மிஞ்சுது அக்கா,
புடைவைக்கடை விளம்பரம் போடவே?"
குகபாலன் கணினியை விட்டுத் திரும்பாமல் கேட்கிறான்.

பொறு, என்கிறேன்.
'நாங்கள்' என்று அடித்தாயிற்று.
வினை இன்னும் வரவில்லை.