முப்பத்தெட்டாம் நாள், மூன்றாம் தொட்டி

ராத்திரி முழுக்க விளக்கு எரிய வேண்டும்.
அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.
அணைந்தால் சூரைக்குஞ்சுகளுக்குச்
சுவர் தெரியாது.
சுவர் என்ற ஒன்று
அவற்றின் வம்சத்திலேயே இல்லை.

ஜூலை முதல் வாரம், விடியாத மூன்று மணிக்கு
கடற்கூண்டுக்குள் பெரியவை
ஒன்றையொன்று துரத்தின.
ஹினேஸ் படகிலிருந்து துணிவலையில் அள்ளிவந்தான்,
நாலு லிட்டர் முட்டை.
ரவை ரவையாய், கண்ணாடி நிறத்தில்.
முப்பது லட்சம் என்றான்.
எனக்கு அது கஞ்சியாகத்தான் தெரிந்தது.

முதலில் தண்ணீரின் தோலே கொன்றது.
மேலே வந்தவை ஒட்டிக்கொண்டன, கீழே திரும்பவில்லை.
தொட்டிக்கு எண்ணெய் விட்டோம், ஈசல் சிறகு கனத்துக்கு.
எங்கள் கண்ணிலும் விளக்கெண்ணெய்.
அப்புறம் இருட்டில் கனத்து மூழ்கி
அடித்தரை தட்டிச் செத்தன.
அடியிலிருந்து காற்றூதித் தூக்கினோம்.
அப்புறம் பசி.
ஒன்றின் வாயில் இன்னொன்றின் வால்,
இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே முகம்.
பிறந்து ஒரு நாளான தோராடாக் குஞ்சுகளை
வாளி வாளியாகக் கொட்டினேன்.
பக்கத்துத் தொட்டியில் அவற்றையும்
பொரிக்க வைத்தது நான்தான்.
யாரும் கேட்பதில்லை.

மிச்சம் ஆயிரத்து நூற்றுச் சொச்சம்.
என் நடுவிரல் நீளம்,
முதுகில் இப்போதே அந்தக் கத்தி நீலம்.

என் புருஷன் அசென்சியோ
பலேயாரிக் கடலில் சுருக்குவலைப் படகில்.
பிடித்ததைக் கூண்டோடு
நடக்கிற வேகத்தில் இழுத்து வருகிறார்கள், மூன்று வாரமாக.
போனில் சிரிக்கிறான்:
"நீ உண்டாக்கு, நான் அள்ளுகிறேன்,
யார் முதலில் முடிக்கிறோம் பார்ப்போம்."
நான் சிரிக்கவில்லை என்று இல்லை.

இன்று ஆகஸ்ட் பதினைந்து. ஊரில் மாதா திருவிழா.
நள்ளிரவில் வாணவேடிக்கை.
தள்ளி வைக்க முடியுமா என்று
ஹினேஸ் நகராட்சிக்குப் போய்க் கேட்டான்.
"மீனுக்குக் காதா?" என்றாராம் எழுத்தர்,
முத்திரையைக்கூடக் கையிலெடுக்காமல்.
ஜன்னலுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டினோம்.
தார்ப்பாய் வெளிச்சத்தை மறைக்கும்.

முதல் வெடி.
ஆயிரமும் ஒரே உடம்பாய்த் திரும்பின.
இரண்டாவது வெடிக்கு உடம்பு உடைந்து
திசைக்கொன்றாய்ப் பாய்ந்தன.

டொக்.

அவ்வளவு சின்னச் சத்தம்.
மழை நின்ற பிறகு கூரையிலிருந்து விழுமே, அப்படி.
டொக். டொக் டொக்.
என்ன செய்ய?
வெளியிலிருந்து இரண்டு உள்ளங்கையையும்
தொட்டிச் சுவரில் அழுத்தி நின்றேன்,
மெத்தை மாதிரி,
ஏதோ என் கை உள்ளே இருப்பதுபோல.
ஒவ்வொரு மோதலும் கைக்கு வந்து சேர்ந்தது.
"புவென்சாந்தா, விடு" என்றான் ஹினேஸ்.
விடவில்லை. அவனும் வந்து எதிர்ப்புறம் கை வைத்தான்.

இருபத்திரண்டு நிமிஷம்.
கடைசியில் ஊர் கைதட்டியது இங்கே வரை கேட்டது.

சல்லடையில் இருநூற்றுப் பன்னிரண்டு.
கழுத்து முறிந்தவை, மூக்கு நசுங்கியவை,
ஒரு காயமும் இல்லாமல் செத்தவை சில.
நோட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
ஹினேஸ் 'மோதல்' என்று எழுதினான்.
நான் அடியில் 'திருவிழா' என்று சேர்த்தேன்.
அவன் அடிக்கவில்லை.

மற்றவை சுற்றிக்கொண்டிருக்கின்றன.
நின்றால் மூச்சில்லை அவற்றுக்கு;
துக்கம் இருந்தாலும் நீந்திக்கொண்டேதான் படவேண்டும்.

நாலு மணிக்குப் பசித்தது.
ரொட்டி, தக்காளி, டப்பாவில் அடைத்த சூரை.
ஆமாம், சூரைதான்.
எண்ணெயை வழித்துச் சாப்பிட்டேன், ஒரு துணுக்கு விடாமல்.
அது எத்தனைச் சுவர் தாண்டி வந்திருக்கும்
என்று எனக்குத் தெரியும், அதனால்.

ஆறரைக்குச் சூரியன்.
தார்ப்பாயை அவிழ்த்தாயிற்று.
ஸ்விட்சில் விரல் வைத்தபடி
இன்னும் கால் மணி நேரம் நிற்கிறேன்.
கரண்ட் பில்லைப் பற்றி ஹினேஸ் முணுமுணுப்பான்.
முணுமுணுக்கட்டும்.