நூலகத்தில் இருக்கிறேன்

நூலகத்தில் இருக்கிறேன் என்று
அம்மாவுக்கு எழுதி அனுப்பிவிட்டு
யோகேஸ்வரி அப்பாவின் பழைய கான்சிலில் ஏறினேன்.
சனிக்கிழமை, காலை ஆறேகால்.
எந்த நூலகம் இந்நேரம் திறக்கும் என்று
அம்மா கேட்கமாட்டாள்.
அந்தச் சொல்லுக்காகத்தான்
இரண்டு வளையலும் சித்தியின் சங்கிலியும்
வங்கியில் படுத்திருக்கின்றன.

பின் இருக்கையில் ஹுய் மின்,
மடியில் ஒரு பை ரம்புத்தான்.
அவள் பக்கத்துக் கதவு உள்ளிருந்து திறக்காது.

சாயல்குடிக்காரிக்கு மலை என்றால்
உப்பைக் குவித்து ஓலை போட்டு மூடியது.
இங்கே சுண்ணாம்புக் குன்றுகள்
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
சாலையோரம் சட்டென்று எழுந்து நின்றன.
ஒன்றின் விலாவைப் பாதிவரை வெட்டியெடுத்திருந்தார்கள்.
பிறகு செம்பனை, செம்பனை,
ஒரு துண்டு கித்தா,
மறுபடி செம்பனை.
"இதுல பாக்க என்ன இருக்கு லா" என்றாள் யோகேஸ்வரி,
"எனக்குத் தூக்கந்தான் வருது."
ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

ரபான் ஏரியில் படகுக்கு
ஆளுக்குப் பதினைந்து வெள்ளி.
இருபதால் பெருக்கினேன்.
அளத்தில் அம்மாவின் அரைநாளுக்கும் மேலே.
ஏறவில்லை.
கரையில் உட்கார்ந்து பார்த்ததற்கு யாரும் காசு கேட்கவில்லை,
அதனால் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தேன்.
இவ்வளவு தண்ணீர்,
நக்கிப் பார்த்தேன்,
உப்பே இல்லை.
ஹுய் மின் சிரித்த சிரிப்பில்
ரம்புத்தான் கொட்டை தண்ணீருக்குள் விழுந்தது.

திரும்பும்போது சுங்கை சிப்புட்டில்
கான்சில் கொதித்துப் புகை விட்டது.
பட்டறைச் சிவநேசன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு
"ஆறட்டும், போய்ப் பசியாறிட்டு வாங்க" என்றார்.
பசியாறுவது இங்கே
ஒரு தே தாரிக், ஒரு வடை.
எங்கள் வீட்டில் அது இன்னும் கனமான சொல்.

தோட்டத்து லாரியிலிருந்து குதித்த வங்கதேசத்துப் பையன்கள்
பணம் அனுப்பும் கடை வாசலில் வரிசையாக நின்றார்கள்,
காலுறையில் செம்மண்,
காதில் போன்.
ஒருவன் தலையைச் சாய்த்து
மெதுவாக, பொறுமையாக
யாரிடமோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.
மொழி புரியவில்லை.
எங்கே இருப்பதாகச் சொல்கிறானோ.

அப்போதுதான் அம்மா கூப்பிட்டாள்,
முகம் பார்க்கிற அழைப்பு.

எடுக்காவிட்டால் பயப்படுவாள்.
கடைச்சந்துக்குள் ஓடி
வெள்ளையடித்த சுவர் ஒன்றில் முதுகை ஒட்டிக்கொண்டு
பேனாவைக்கூடக் காதில் செருகிக்கொண்டேன்.
"சாப்பிட்டியாத்தா?"
"சாப்பிட்டேன்."
"படிச்சியா?"
"படிச்சேன்."
சுவர் என் தோளோடு முடிந்திருந்ததை
நான் கவனிக்கவில்லை.

"பின்னால என்ன அது, நீலமா?"

திரும்பிப் பார்த்தேன்.
சந்தின் முடிவில், தகரக் கூரைகளுக்கு மேலே
மழைக்கு முந்தைய மலைத்தொடர் முழுவதும்.

"சுவத்துல ஒட்டுன படம்மா."
"மேகம் நகருதே."
"கரண்டுல ஓடுற படம்."
"ஓ" என்றாள்.
சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.
திரையில் அவள் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது,
போனைக் கண்ணருகே கொண்டுபோயிருப்பாள்.
புருவத்தில் உப்புப் பொடி.

"செத்த நகருத்தா" என்றாள்,
"மறைக்கிற."

நகர்ந்தேன்.
போனை உயர்த்திப் பிடித்தபடி
என் முகம் இல்லாத சட்டகத்துக்கு வெளியே நின்றேன்.
கை வலித்தது.
பட்டறையிலிருந்து ஹாரன் இரண்டு முறை,
யோகேஸ்வரி என் பெயரை நீட்டி முழக்கிக் கூப்பிட்டாள்,
முதல் துளி திரையில் விழுந்தது.

"நூலகத்துல ஒழுகுது போல" என்றாள் அம்மா.
"தொடைச்சுட்டுக் காட்டு."