இடது கால்

ஃப்ரைபர்க்கில் தெருவுக்குத் தெரு வாய்க்கால் ஓடுகிறது.
ஒரு முழ அகலம். மூடி கிடையாது.
மூக்கைப் பொத்தும் தேவையும் கிடையாது.
கருங்காட்டு மலையிலிருந்து இறங்கும் ஆற்றில்
கொஞ்சம் கிள்ளியெடுத்து
ஊருக்குள் விட்டிருக்கிறார்கள், எண்ணூறு வருஷமாய்.

பன்னிரண்டு நாள் பயிற்சி.
சேலம் ஆபீசிலிருந்து நான்,
ஈரோட்டிலிருந்து குழந்தைவேல்,
இருவருக்கும் சேர்த்து ஒரு டப்பா புளிக்காய்ச்சல்.

நான்காம் நாள்
பல்கலைக்கழகச் சுவரில் உயரத்தில் எழுதியிருந்ததை
அண்ணாந்து எழுத்துக்கூட்டிக்கொண்டே நடந்தேன்.
அர்த்தம் கேட்பதற்குள்
சளக்.
இடது கால் வாய்க்காலில்.

வகுப்பெடுக்கும் ஆன்னெக்ரேட் கைதட்டிச் சிரித்தாள்.
தவறி இதில் கால் வைத்தவர்
இந்த ஊர்க்காரரைத்தான் கட்டிக்கொள்வாராம்,
ஐதீகம்.
குழந்தைவேல் தன் ஷூவின் நாடாவைப் பார்த்தார்.
நாற்பத்து மூன்று வயதுக்காரியின் பக்கத்தில்
கல்யாணப் பேச்சு எழுந்தால்
நம்மூர் ஆண்கள் பார்க்கிற இடம் அது.

நான் கேட்டது ஒன்றுதான்:
இந்தத் தண்ணீருக்கு டிடிஎஸ் எவ்வளவு?

ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கூட்டிப்போனார்கள்.
கம்பிவடத்தில் தொங்கும் பெட்டி.
கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூட இல்லை,
வாந்திக்கென்று யாரும்
பாலித்தீன் பை மடித்து வைத்திருக்கவில்லை.
இருபது வளைவை எண்ணாமல் ஏறியதை
என் வயிறு மலையென்றே ஒப்புக்கொள்ளவில்லை.
உச்சியில், காற்றுக்கு வளைந்து
ஒரே பக்கம் சாய்ந்த மரங்கள்,
பஸ் வரும் திசையைப் பார்த்து நிற்பவர்கள் மாதிரி.
அவற்றை மட்டும் எனக்கு
முன்பே தெரியும் போலிருந்தது.

திரும்பிவந்த மறுநாள் புதன்.
புதன் எனக்குத் திருமணிமுத்தாறு.
ஆனைமேட்டுப் பாலத்தடியில்
"நேத்துப் பச்சை மேடம்" என்றார் பஞ்சர் கடைக்காரர்.
இன்று கத்தரிப்பூ.
"ஆத்துக்கு யாரோ சேலை எடுத்துக் கொடுக்கறாங்க,
தினம் ஒண்ணு."

குடுவையைக் கயிற்றில் கட்டி இறக்கினேன்.
லேபிளில் இடம், நேரம், வெப்பம்.
நிறம் என்ற கட்டத்தில்
பதினேழு வருஷமாய் எழுதுவது 'கலங்கல்'.
அன்று எழுதினேன்: கத்தரிப்பூ.
சிவப்பு மையில் அடிப்பார்கள்.
அடிக்கட்டும்.

அடுத்த ஞாயிறு யாரும் கூட்டிப்போகவில்லை.
அரூர் பஸ்ஸில் ஏறி
மஞ்சவாடிக் கணவாயில் இறங்கி
உண்ணிச்செடி கிழித்த புடவையோடு
அது பிறக்கும் இடமென்று சொன்ன இடம்வரை நடந்தேன்.
சேர்வராயன் மலை
அன்றைக்குத் தலைக்கு மேல் மேகத்தை இழுத்துப் போர்த்தியிருந்தது.

ஒரு முழ அகலம்.
அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம்.
ஒரு நண்டு என்னைப் பார்த்து
ஒதுங்கி வழிவிட்டது.

மீட்டரை முக்கினேன்.
எண் வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன்.
அந்த ஊர் எண்ணோடு வைத்துப் பார்த்து
யாராவது பெருமைப்பட்டுவிடுவார்கள்,
ஆனைமேட்டை மறந்துவிட்டு.
இங்கிருந்து அங்கே
ஒரு மணி நேரப் பஸ் தூரம்தான்.

செருப்போடு இடது காலை உள்ளே வைத்தேன்.

வேண்டுமென்று வைத்தால் பலிக்காதாம்,
தவறி வைக்க வேண்டுமாம், தெரியும்.
ஆனால் கீழே அந்தப் பாலத்தடிப் பாசியில்
நான் தவறி வைக்காத வருஷம் எது?
பச்சையில், நீலத்தில், பெயரில்லாத நிறத்தில்,
ஒருமுறை இரண்டு காலும்,
ஒரு ஐப்பசியில் இடுப்புவரை.
அந்தக் கணக்குப்படி பார்த்தால்
எனக்கு எப்போதோ முடிந்துவிட்டது,
இந்த ஊருக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன்.
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கைபேசியில் ஆன்னெக்ரேட்:
மாப்பிள்ளை கிடைத்தாரா?
நண்டின் படத்தை அனுப்பினேன்.

ஆறு பத்துக்குக் கடைசி பஸ் என்றார்கள்.
ஈரச் செருப்பு சளக் சளக்கென்று கேட்க
கணவாய்வரை ஓடினேன்.