பெயரில்லாத பொத்தான்

ரூவியில், பதினாலாம் அறையின் கீழ்க்கட்டிலில்
இழப்பீட்டின் முதல் தவணையை
ஊருக்கு அனுப்பப் பார்க்கிறார் சூசைமிக்கேல்.
வெல்டிங் தீ கண்ணைக் கொண்டுபோனபின்
கைப்பேசிதான் வாசித்துச் சொல்கிறது:
பொத்தான். பொத்தான். படம். பொத்தான்.

எது அனுப்பு, எது ரத்து?

நான் கட்டிய தளம் அது.
பச்சையிலும் சிவப்பிலும்
எல்லாம் சொல்லிவிட்டதாக இருந்தேன்.

"நான் மனுசன்தானான்னு கேக்குது தம்பி.
படகு இருக்குற படமாத் தொடணுமாம்.
பதினோரு வருசம் படகுலதான கெடந்தேன்"
என்று சிரித்தார்.

அன்றிரவு உட்கார்ந்து
ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் வைத்தேன்.
படகுகளை எடுத்தெறிந்தேன்.

மறுநாள் கைப்பேசி சொன்னது:
பெறுநர் படம், ஜெசிந்தா.

"அதுல சிரிக்கிறாளா?"

குனிந்து பார்த்தேன்.
இல்லண்ணே, முறைக்கிறா.

"அப்ப அவதான்.
அனுப்பு எங்க இருக்கு, நானே அமுக்குறேன்."