பத்தாவது எழுத்து

காக்கிநாடா பாலிடெக்னிக்கில்
கான்கிரீட் உடைப்பது என் உத்தியோகம்.
பதினைந்து சென்டிமீட்டர் கட்டிகள்,
இருபத்தெட்டு நாள் தொட்டியில் ஊறி வரும்.
துடைத்து, எந்திரத்தின் தாடையில் வைத்து
முள் ஏறுவதைப் பார்த்திருப்பேன்.
எங்கோ உள்ளே ஒரு முனகல்,
அப்புறம் முள் விழுந்துவிடும்.
எண்ணை நான் சொல்ல
ஹைமவதி மேடம் பதிவேட்டில் எழுதுவார்.

பதிவேட்டின் ஓரத்தில்
பென்சிலில் வேறொன்றும் இருக்கும்:
கிண்ணம், கோடு, கோடு,
கிண்ணம், கோடு, கிண்ணம்.
உத்திரத்தில் சுமை இறங்கும் கணக்கு என்றே
நான்கு வருஷம் நினைத்திருந்தேன்.
"சுமைதான் எர்ரய்யா" என்றார் ஒருநாள்.
"லகுவுக்குக் கோடு, குருவுக்குக் கிண்ணம்.
இது உத்பலமாலை, அடிக்கு இருபது எழுத்து.
முதல் எழுத்து கூப்பிட்டால்
பத்தாவது பதில் சொல்ல வேண்டும்.
சொல்லாவிட்டால் நடுவில் தொய்ந்துபோகும்."

கால்வாய் இலாகாவில் பதினோரு வருஷம் இருந்தவர்.
மதகின் இரும்புப் படிகளில்
சேலையை இடுப்பில் செருகி இறங்குவாராம்.
புருஷன் விசாகப்பட்டணத்தில், வேறு வீட்டில்.
அதைப் பற்றிப் பத்யம் எழுதவில்லை.
எழுதினாரோ என்னவோ,
பதிவேட்டு ஓரத்தில் எழுதவில்லை.

கடலோரச் சாலையின் சிறுபாலத்துக்குப்
போட்ட கட்டிகள் மூன்று வந்தன.
ஐந்நூற்று அறுபது காட்ட வேண்டிய முள்
நானூற்றுப் பத்தில் விழுந்தது.
அடுத்தது நானூற்று ஐந்து.
மூன்றாவதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.
பிரின்சிபால் அறையில் கான்ட்ராக்டர்,
மேஜையில் ஒரு டப்பா காஜா.
முக்கால் மணி நேரம் கழித்து வந்தவரின்
விரலில் பாகு ஒட்டியிருந்தது.
தின்றிருக்கிறார்.

பேனாவைத் திறந்து சொன்னார்:
"பத்யத்தில் நிறைய ஏமாற்றியிருக்கிறேன், எர்ரய்யா.
எழுத்து குறைந்தால் ஒரு 'கதா'வைச் செருகிவிடுவேன்.
அர்த்தமில்லாத சொல், இடத்தை மட்டும் நிரப்பும்.
யாரும் கண்டுபிடித்ததில்லை.
இந்த மூன்று இலக்கத்தில்
எதைச் செருகுவது?"
நானூற்றுப் பத்து.
கையெழுத்து, தேதி.

மறுவாரம் சோதனைக்கூடச் சாவி கை மாறியது.
அவருக்கு முதலாண்டு வரைபட வகுப்பு.
டி-ஸ்கொயரோடு நடைபாதையில் எதிர்ப்படுவார்,
"இன்று என்ன வந்தது?" என்பார்.
எண்ணைச் சொல்வேன்.
புதியவர் அதை வேறு மாதிரி எழுதுவதைச் சொல்லமாட்டேன்.
கேட்கவும் மாட்டார்.

நூலகக் கூடத்தில் கவி சம்மேளனம்.
பதினாறு பேர், என்னையும் வாட்ச்மேனையும் சேர்த்து.
அவர் வாசிக்க, நான் விரல்கணுவில் எண்ணினேன்.
இரண்டு அடி நின்றது, தூண் மாதிரி.
மூன்றாம் அடியில்
எட்டாவது எழுத்தில் நிறுத்தினார்.
அந்த இடத்தில் 'கதா' இருந்தது எனக்குத் தெரியும்,
பென்சிலில் பார்த்திருக்கிறேன்.
மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.
மறந்துவிட்டார் என்று நினைத்து
முன்வரிசைத் தெலுங்கு வாத்தியார்
மெல்ல எடுத்துக் கொடுத்தார்: "கதா..."

தெரியும் என்பதுபோலத் தலையசைத்தார்.
இரண்டு எழுத்துக்கான நேரம் காத்திருந்து
பதினொன்றிலிருந்து தொடர்ந்தார்.