பிற குறிப்புகள்

பொசோ அல்மோந்தே தாண்டியதும்
தார்ச்சாலை தன் வேலையை விட்டுவிட்டது.
ஓவீதியோ விடவில்லை;
வண்டியையும் மைத்துனனின் விவாகரத்தையும்
ஒரே கியரில் ஓட்டிக்கொண்டிருந்தான்.
என் மடியில் மூன்று விண்ணப்பங்கள்.
பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும்
ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண்.
பாசியில் எண்ணெய் வருமா,
எவ்வளவு, எப்போது, என்ன விலைக்கு
என்று பார்த்துவரச் சொல்லி
சாந்தியாகோ என்னை அனுப்பியிருந்தது.

முதல் இடத்தில் காபி நன்றாக இருந்தது.
டாக்டர் பல்தசார் உந்துர்ராகா
சுவர்த்திரையில் ஒரு கோட்டை ஏற்றிக்காட்டினார்.
ஹெக்டேருக்கு ஆண்டுக்கு நாற்பதாயிரம் லிட்டர்.
எத்தனை நாள் அளந்தீர்கள்?
பன்னிரண்டு. ஜனவரியில், நல்ல கோடையில்.
மீதி நாட்கள்?
"விரித்துக்கொண்டோம்" என்றார்,
பாயைச் சொல்வதுபோல.
கண்ணாடிக் குழாய்களில் பச்சை
வரவேற்பறை மீன்தொட்டியாகக் குமிழிட்டது.
பாசி பொய் சொல்லவில்லை.
அதை யாரும் கேட்கவும் இல்லை.

இரண்டாவதற்கு இரண்டு வரி போதும்:
பாசியை உலர்த்தும் அடுப்பு டீசலில் எரிந்தது.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

மூன்றாவதற்குப் பெயர்ப்பலகை இல்லை.
கைவிட்ட வெடியுப்பு ஆலைக்குப் பின்னால்
கறுப்புப் பிளாஸ்டிக் விரித்த இரண்டு குளங்கள்.
துடுப்புச் சக்கரத்தைச் சுற்றியது
ஒரு சலவை இயந்திரத்தின் பழைய மோட்டார்.
யெனிஃபர் சல்லாபாவின் கை ஈரம்;
கைகுலுக்காமல் நோட்டை நீட்டினாள்.

நானூற்றுப் பதினாறு நாட்கள்.
நாள் 63: பச்சை, கெட்டி.
நாள் 64: ஓரத்தில் பழுப்பு.
நாள் 65: குளம் செத்தது. ரோட்டிஃபர்.
ஒரு துளியில் எத்தனை என்று எண்ணினேன். நிறுத்திவிட்டேன்.
நாள் 66: கழுவினேன்.
இப்படி ஏழு முறை.
நடுவே ஓரிடத்தில் பென்சிலில்:
பம்பு கடன் வாங்கியது, வெள்ளிக்குள் திருப்ப வேண்டும்.

ஹெக்டேருக்கு எவ்வளவு?
"ஆறாயிரம். நல்ல ஆண்டில்."
நல்ல ஆண்டு எது?
"இன்னும் வரவில்லை."
ஒன்றைச் செலவழித்தால்
முக்கால் திரும்புகிறது என்றாள்,
சில்லறை இல்லை என்று சொல்லும்
கடைக்காரியின் குரலில்.

பாசிக்கு உரம்?
யூரியா மூட்டையைக் காலால் காட்டினாள்.
கப்பலில் வந்தது.
உலகத்து வயல்களுக்கெல்லாம்
வெட்டி ஏற்றிய மண்ணின் பள்ளங்கள்
மூட்டைக்குப் பின்னால் அடிவானம் வரை கிடந்தன.
"சிரிக்கலாம்" என்றாள், "எல்லாரும் சிரிப்பார்கள்."
நோட்டைக் கேட்டேன், தரவில்லை.
படம் எடுத்துக்கொள்ளுங்கள்,
இன்றைக்கு இன்னும் எழுதவில்லை.

இகீக்கேயில் இரவு, விடுதி மேசை,
கடலின் பக்கம் ஜன்னல் மூடாது.
நான்காம் கேள்வி: எதிர்பார்க்கும் விளைச்சல்.
ஏழாம் கேள்வி: தோல்விக்கான வாய்ப்பு குறைவா?
பன்னிரண்டு நாளில் தோற்க நேரமேது?
கண்ணாடிக் குழாய்க்கு நாற்பத்தொன்று.
அடுப்புக்கு முப்பது.
அவளுக்கு இருபத்திரண்டு.
மூன்று முறை கூட்டினேன்.
கூட்டல் சரி. அதுதான் சங்கடம்.
எத்தனை முறை செத்தது, யார் கழுவியது
என்று படிவம் எங்கும் கேட்கவில்லை.

கடைசிப் பக்கத்தின் அடியில்
பிற குறிப்புகள் என்று இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம்.
பொடி எழுத்தில் எழுதினேன்:

மூன்றிலும் எண்ணெய் இல்லை.
ஒன்றில் விடை இருக்கிறது.
விடை, அநேகமாக, முடியாது என்பது.
அதை உறுதியாகச் சொல்ல
அவளுக்கு இன்னும் இரண்டு ஆண்டும்
சொந்தமாக ஒரு பம்பும் வேண்டும்.
பணத்தை அங்கே கொடுங்கள்.

இதை யார் படிப்பார்கள் என்று தெரியாது;
கூட்டுத்தொகையைத்தான் அட்டவணையில் ஏற்றுவார்கள்.
எழுதிய மையை உப்புக்காற்று
உலரவிடாமல் வைத்திருந்தது.

காலையில் விமான நிலைய வழியில்
ஓவீதியோ டீசல் போட நிறுத்தினான்.
யார் பாஸ் என்று கேட்டான்.
சொல்லக் கூடாது என்றேன்.
நாற்பது லிட்டர், மறக்காமல்
ரசீது வாங்கிக்கொண்டேன்.